தன்னைத் தோற்றவன் வைத்த பணயம்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில், அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்கள் இந்தக் கலைக்காகவே பெயர் பெற்றவை. வில் வளைப்பு, சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒன்றாக நகர்ந்து படுகளத்திலும் தீமிதியிலும் முடியும். இன்று தனி இசைக்கலைஞர்கள் ஒரே பொருளில் பத்துப் பாடல்களைக் கோத்து இசைத்தொகுப்பாக வெளியிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் போதைக்கு அடிமையானால் மற்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சொல்லும் தொகுப்புகளும் அவற்றில் உண்டு. அப்படி ஒன்று தமிழில் உண்டா என்று மாணவி ஒருத்தி கேட்டால், நான் முதலில் இந்தக் கூத்தைத்தான் காட்டுவேன்.

தருமன் நல்லவன். யாரையும் அடிக்காதவன், பொய் சொல்லாதவன். ஆனால் சூதுக்கு அழைத்தால் மறுக்கத் தெரியாதவன். நாடு போகிறது, செல்வம் போகிறது, தம்பிமார் போகிறார்கள், தானும் போகிறான். அதன் பிறகுதான் மனைவியை வைக்கிறான். சபைக்கு இழுத்து வரப்படும் முன்பே திரௌபதி ஒரு கேள்வி கேட்டு அனுப்புகிறாள். அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்று அடிமையாகிவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? வடமொழிப் பாரதத்தில் பீஷ்மரும் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். கௌரவர்களில் இளையவனான விகர்ணன் மட்டும் அவள் பக்கம் பேசுகிறான். எங்கள் பகுதிக் கூத்தில் துகிலுரியும் கட்டத்துக்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆடுகிற வழக்கம் உண்டு. ஆடுபவர்களுக்கே அந்த இடம் அச்சம் தருகிறது.

அந்தக் கேள்வியைச் சூதுக்கு மட்டும் உரியதாக நான் நினைக்கவில்லை. குடிநோய் புகுந்த எந்த வீட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. தன் கை, கால், நாக்கு எதுவும் தன் வசம் இல்லாத ஒருவன், வீட்டின் கூலிப் பணத்தையும் பத்திரத்தையும் தாலியையும் எந்த அதிகாரத்தில் எடுத்துப் போகிறான்? குடியைப் பற்றித் தமிழில் பாட்டுக்கும் எழுத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் வீட்டின் குரல் எங்கே ஒலிக்கிறது என்று தேடினால் நீண்ட மௌனங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 92 வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. முதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் இருமனப் பெண்ணையும் கள்ளையும் கவற்றையும் ஒரே வரிசையில் வைத்து, திருமகளால் கைவிடப்பட்டவர்களுக்கு உரிய தொடர்புகள் என்கிறது. பெண் இங்கே போதைப்பொருள்களில் ஒன்றாகிவிடுகிறாள். கள்ளுண்ணாமையின் பத்துக் குறளிலும் மனைவி இல்லை. பெற்ற தாய் ஒரு குறளில் வருகிறாள்: மகனின் எந்தக் குற்றத்தையும் பொறுக்கும் அவள் முகத்துக்கு முன்பே கள் மயக்கம் துன்பம் தரும் என்றால் சான்றோர் முன் என்னாகும் என்று கேட்பதற்காக. இன்னொரு குறளில் நாணம் ஒரு நல்ல பெண்ணாக உருவகிக்கப்படுகிறாள். குடிப்பவனுக்கு முதுகு காட்டி அவள் போய்விடுகிறாள். சூது அதிகாரத்தில் மூதேவி வருகிறாள். ஆக, குடிப்பவனை விட்டு விலகிப் போக முடிந்த ஒரே பெண் உருவகப் பெண். சோறாக்கிக் காத்திருந்தவள் எந்தக் குறளிலும் இல்லை. இதைச் சொல்வது வள்ளுவரைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. பொருளைக் கொடுத்துத் தன்னை அறியாத நிலையை வாங்குவது பேதைமை என்றும், இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை பெருகும் என்றும் சொன்ன அவரைப் போல அடிமைத்தனத்தின் உள்ளியக்கத்தைக் கண்டவர்கள் குறைவு. கண்டது குடிப்பவனின் உள்ளத்தை. வீடு அந்தப் பார்வைக்கு வெளியே நின்றது.

குறளுக்கு முந்திய பாடல்களில் கள் வேறொரு முகத்தோடு வருகிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே இருக்கும் செங்கம்தான் மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு மலைச் சிற்றூர்களில் மூங்கில் குழாயில் விளைந்த தேறல் விருந்தாகக் கிடைக்கும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் விறலியரும் உண்டு. அதியமான் இறந்தபோது அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான் ஔவையார் அழுகிறார். பெண்ணும் இருந்து உண்ட பந்தி அது. பொற்காலம் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தாக வந்த கள்ளும் கூலியிலிருந்து காசு கொடுத்து வாங்கும் சாராயமும் வீட்டுக்குச் செய்வது ஒன்றல்ல.

அந்த மாற்றத்தை முழுமையாக்கியது காலனிய அரசு. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் இரண்டையும் உரிமம், குத்தகை, தீர்வை என்ற வலைக்குள் இறுக்கியது. குடி அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் வருமானமாக ஏறியது. அதே காசு எந்தச் சமையலறையிலிருந்து வந்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தி இல்லை. குடி பற்றிய நம் அரசியல் வரலாறு பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சேலம் அருகே தமக்குச் சொந்தமான தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கைதான பிறகு மறியலை நடத்தியவர்கள் அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகத் தமிழக வரலாறுகள் பதிவு செய்கின்றன. அந்தச் செய்தியைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிற நூல்கள்கூட, கடை வாசலில் நின்ற மற்ற பெண்கள் யார், அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு ஆண்களையே எதிர்த்து நின்றார்கள் என்று கேட்பதில்லை. வெட்டப்பட்ட மரங்கள் நினைவில் நின்ற அளவுக்கு நின்ற பெண்கள் நிற்கவில்லை.

ராஜாஜி 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அங்கே அவருக்குத் துணையாக இருந்தார். 1937இல் முதல்வரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அந்த மதுவிலக்குக்கு ஒரு சாதி முகமும் இருந்தது. மரமேறிப் பிழைத்தவர்களின் குடும்பங்கள் தொழில் இழந்தன. காவல்துறையின் கை ஏழைத் தெருக்களுக்குள்ளேயே அதிகம் நுழைந்தது. கள் இறக்குபவரின் மனைவிக்கும் குடிப்பவரின் மனைவிக்கும் இழப்பு வேறு வேறாக இருந்தது. பெண்களின் கோரிக்கையை ஒழுக்கப் பிரச்சாரத்தோடு ஒன்றாக்கிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி' கதையில் நம் கேள்விக்கு மிக அருகில் வரும் ஓர் இடம் உண்டு. மகிழ்ச்சியாக இருந்த இளந்தம்பதி. கணவன் குடிக்கத் தொடங்குகிறான். குடி கடனாகிறது. அந்தக் கடனே பார்வதியைக் கடன் கொடுத்தவர்களின் கண் முன் நிறுத்துகிறது. சூது மண்டபம் இல்லை, பகடை இல்லை, ஆனாலும் அவள் பணயமாகிவிடுகிறாள். 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இதைத் திரைப்படமாக்கினார். லட்சுமி பார்வதியாக நடித்தார், வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு மறுபடி நடைமுறைக்குத் திரும்பிய காலத்தில் வந்த படம் அது.

அதே திரையுலகம் குடிப்பவனுக்குப் பாட்டு தருவதில் குறை வைக்கவே இல்லை. 1953இல் 'தேவதாஸ்' தமிழிலும் வந்தது. காதலில் தோற்றவன் குடிக்கிறான், குடித்தவன் பாடுகிறான், கேட்கும் நாம் உருகுகிறோம். அவன் நோய்க்குக் காரணம் அவளுடைய இல்லாமை. இந்த வாய்பாடு அறுபது ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை. 2011இல் உலகம் சுற்றிய 'கொலவெறி' பாட்டில் கையில் கிளாஸோடு நிற்பவன் அழுவதும் ஒரு பெண்ணை முன்னிட்டுத்தான். குடிப்பவனின் பாட்டில் பெண் காரணமாக இருக்கிறாள். விளைவைச் சுமப்பவளாக அவள் பாடும் பாட்டுக்கு மெட்டுப் போட ஆள் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1864இல் ஹென்றி கிளே வொர்க் எழுதிய 'கம் ஹோம், ஃபாதர்' என்ற பாட்டு அங்கே மதுவிலக்கு இயக்கத்தின் கீதமாகவே ஆனது. ஒரு சிறுமி நள்ளிரவு தாண்டி மணி ஒன்று, இரண்டு, மூன்று அடிக்க அடிக்க மதுக்கடைக்கு வந்து அப்பாவை அழைக்கிறாள். மூன்றாவது முறை வரும்போது தம்பி இறந்துவிட்டான். குடும்பத்தின் பக்கமிருந்து குடியைப் பாடிய முக்கியமான பாட்டு அது. அதிலும் தாய் வீட்டுக்குள் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள். பேசுவது அவள் அனுப்பிய குழந்தை. குடித்தவனிடம் நேரில் கேட்க உலகம் குழந்தைக்குத் தரும் அனுமதியை மனைவிக்குத் தருவதில்லை.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1981இல் மதுவிலக்கு மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அன்று முதல் அரசே கடை வைத்திருக்கிறது. 2024-25இல் அதன் வழியாக வந்த வரி வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதே அரசு மகளிர் திட்டங்களை அறிவிக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியும் குழுக் கடனும் ஒரு வாசலில் வீட்டுக்குள் வந்து இன்னொரு வாசலில் கடைக்குப் போகும் கதையை இந்த மாவட்டத்தின் எந்தப் பெண்ணும் சொல்வாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். அடிக்கடி போதையேறும் கணவர்களின் மனைவியர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாவதையும் அந்தக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டுகின்றன. கால்வாசி ஆண்களின் பழக்கம்தானே என்று சொல்லிவிடலாம். அந்தக் கால்வாசி வீடுகளின் அடுப்பை எண்ணினால் கணக்கு வேறு.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் பாடப்புத்தகத்தில் சீதம்மாவின் கதை ஒன்றைப் படித்தார்கள். அவள் ஊர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடும் கதை அது. படித்ததைத் தங்கள் ஊரிலும் செய்தார்கள். 1992இல் அது மாநிலம் தழுவிய போராட்டமானது, 1993இல் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் அது தளர்த்தவும் பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய சில மாதங்களில் ஓர் அரசின் வருவாய்க் கொள்கையை அசைத்தவர்கள் அவர்கள்.

இங்கே 2015 ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரி செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்தார். அதே ஆண்டு மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 'மூடு டாஸ்மாக்கை மூடு' பாடினார். பறையும் நாட்டார் மெட்டும் கொண்ட பாட்டு. அக்டோபர் 30 விடியுமுன் திருச்சியில் அவரைக் கைது செய்து தேசத் துரோகப் பிரிவில் வழக்குப் போட்டார்கள். ஒரு பாட்டுக்கு அரசு இவ்வளவு அஞ்சியது என்பதே அந்தப் பாட்டு தொட்ட இடம் எது என்று காட்டியது. அவர் கைதைக் கண்டித்தவர்களில் பெண்ணியவாதிகளும் இருந்தோம். அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாட்டுகளின் எள்ளல் அன்றைய முதல்வரைக் கொள்கைக்காக மட்டும் தாக்கவில்லை. ஊற்றிக் கொடுக்கும் பெண் என்றும் தாக்கியது. ஆண் முதல்வர்கள் காலத்திலும் கடை திறந்தே இருந்தது. அவர்களை யாரும் உத்தமன் இல்லை என்று பாடவில்லை. எதிர்ப்புப் பாட்டிலும் பழி பெண்ணுடைய நடத்தை மேல் போய் உட்காரும் இந்தப் பழக்கத்தின் வேர், பெண்ணையும் கள்ளையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பழைய வரிசைதான்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சாலையோரக் கடைகள் ஊருக்குள் நகரத் தொடங்கின. ஊருக்குள் வந்த கடையைத் தடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி நின்ற ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. வீட்டுக்குள் வாங்கும் அடிக்கும் தெருவில் வாங்கிய அந்த அடிக்கும் இடையில் இருப்பது கடையின் கதவு மட்டும்தான்.

போராட்டத்துக்கு வெளியே இன்னொரு பெண் வேறொரு வழியைத் திறந்தார். சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். வெளிநாடு சென்று பயின்று வந்து, 1980இல் சென்னையில் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்ப்பதும், குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் சிகிச்சையும் தருவதும் அங்கே நடைமுறையாயின. அவர் மருமகளாகச் சென்ற வீடு வசதியான வீடு. கணவர் குடித்துச் செத்ததை ஊரறியச் சொல்ல அப்படிப்பட்ட வீட்டில் அதிகத் துணிவு வேண்டும். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மறைக்க இடமே இல்லை. நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு மறைப்பதே முழுநேர வேலை. அவருக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லும் குரலும் குடியின் வரலாற்றில் சேர வேண்டியது.

சரி, வீடு தன் பாட்டை எங்கேயுமே பாடவில்லையா? பாடியிருக்கிறது, பிணத்தின் தலைமாட்டில். கூத்தின் கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்த பெரிய துரியோதனன் வீழ்ந்து கிடக்கும்போது, அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். வேடம் கட்டியவர் ஆண். பாடுவது எங்கள் ஊர்ப் பெண்களின் மெட்டு. ஒப்பாரி செத்தவரைப் புகழும் பாட்டு என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக ஒப்பாரி சேகரித்து வரும் மாணவிகளின் நோட்டுகளைப் படித்தால் புகழுக்கு நடுவே வேறொன்று ஓடுவது தெரியும். தாய்வீட்டுச் சீர் எங்கே போனது, எந்த நகை எந்தக் கடையில் இருக்கிறது, எந்த இரவு பிள்ளைகளோடு வெளியே நின்றாள் என்று எல்லாம் அடுக்கி வரும். அவன் உயிரோடு இருந்தவரை சொன்னால் வாயாடி என்று ஊர் பேசியிருக்கும். இப்போது அவன் கேட்க முடியாது என்பதால் அவள் பாட முடிகிறது.

2024 ஜூன் மாதம் அந்த ஒப்பாரியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கேட்டது. எங்கள் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் கள்ளக்குறிச்சி. அங்கே கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. குடித்துச் செத்தவனுக்குப் பணமா என்று சிலர் கேட்டார்கள். பணம் வாங்கியது குடித்தவன் அல்ல. பல ஆண்டுகளாகப் பணயமாக வைக்கப்பட்டவர்கள் வாங்கினார்கள். ஒரே நாளில் பலர் செத்தால் அது செய்தி. ஆண்டு முழுவதும் கல்லீரல் வெந்து ஒவ்வொருவராகச் சாகும் வீடுகளில் கேமரா நுழைவதில்லை, இழப்பீடும் வருவதில்லை.

ஆகவே மாணவியரிடம் நான் கேட்பது ஒரு சேகரிப்பு. ஒப்பாரிக்குக் காத்திருக்க வேண்டாம். குழுக் கூட்டத்தில், நடவு வயலில், மருத்துவமனை வராந்தாவில் பெண்கள் பேசுவதை அவர்கள் அனுமதியோடு, பெயர் மறைத்து எழுதி வாருங்கள். சம்பள நாள் எது, அன்று மாலை யார் கடைப் பக்கம் போய் நின்றார், பிள்ளை எந்த வகுப்பில் படிப்பை விட்டது, அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குடிக்கும் பெண்கள் சொல்வதையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பாட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. அரசின் கணக்குப் புத்தகத்தில் இல்லாத பத்தி அப்படித்தான் நிரம்பும். திரௌபதியின் கேள்விக்கு அன்று சபையில் பதில் வரவில்லை. ஆனால் கேள்வி பதிவாகியது. அதனால்தான் எங்கள் ஊர்களில் ஆண்டுதோறும் அதை உரக்கக் கேட்க முடிகிறது. நம் காலத்துப் பெண்கள் கேட்டதும் பதிவாக வேண்டும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே.